கிணற்றின் கணக்கு யாருக்கு?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

நீரைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவோர் வள்ளுவரின் வான்சிறப்பைத் தொட்டுத் தொடங்குவது பள்ளி மலர்களின் நெடுநாள் வழக்கம். நாங்களும் அவ்வாறே தொடங்க எண்ணினோம். ஆனால் எழுத அமர்ந்தபோது எங்கள் கண்முன் வந்து நின்றது குறள் அன்று. கயிறு அறுந்து ஒரு கிணற்றுக்குள் விழுந்த எங்கள் நீல நிற வாளிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற மே மாதம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், நம் பள்ளி அறிவியல் மன்றத்திலிருந்து நாங்கள் நால்வர் பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டோம். பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரைச் சேகரித்துச் சோதிக்கும் ஆய்வு ஒன்று அங்கே நடந்து வந்தது. ஆய்வு மாணவியான ஓர் அக்காவுக்கு ஒத்தாசையாக இருப்பதே எங்கள் வேலை. கழுத்தில் தொங்கிய அட்டையில் எங்களை 'இன்டர்ன்' என்று குறித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எங்களில் ஒருத்தியின் பாட்டனார், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லையாதலால் செலவும் இல்லை, வரவும் இல்லை என்று விடையளித்தோம்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தின் வழியாக வந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துள் நுழைகிறது. 348 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில் உள்ளது. 'ஓடும்' என்று எழுதியது பழக்கதோஷம். ஆறு கரைபுரண்டு ஓடியதாக எங்களுக்கு நன்றாக நினைவிருப்பது 2021 நவம்பர் வெள்ளம் ஒன்றுதான். ஏனைய நாள்களில் அது மணலும் சீமைக்கருவேலமும் நிறைந்த ஓர் அகன்ற பாதை. ஆயினும் நம் முன்னோர் இந்த ஆற்றை நம்பியே வாழ்ந்தார்கள்; மேலே வறண்டிருந்தாலும் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும், கரையோரக் கிணறுகள் அதைக் குடித்து நிறையும். இந்த உண்மை நன்மைக்கும் பொருந்தும், தீமைக்கும் பொருந்தும். மேலே ஊற்றியதையும் மணல் உள்ளே வாங்கிக்கொள்கிறது.

நீர் எடுப்பது எளிய வேலை என்றே நினைத்திருந்தோம். அக்கா எங்கள் நினைப்பை முதல் நாளே மாற்றினார். எந்தக் கிணற்றின் நீரோ அந்த நீராலேயே புட்டியை மும்முறை அலச வேண்டும். மோட்டார் உள்ள இடத்தில், குழாயில் தேங்கிய பழைய நீர் போகும்வரை சில நிமிடங்கள் ஓடவிட்டே பிடிக்க வேண்டும். கிணற்றின் எண், நாள், மணி ஆகியவற்றை அங்கேயே எழுதி ஒட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால், "வீடு போவதற்குள் உன் நினைவும் நீரும் கலந்துவிடும்" என்பார். எங்கள் வாளிக் கயிறு மூன்றாவது கிணற்றில் அறுந்தது. நீரின் மேல் அது ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்து மூழ்கியதை நால்வரும் கைபிசைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம். கிணற்றுக்குச் சொந்தக்காரரான பாட்டி தம்முடைய வாளியைத் தந்து உதவினார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்தவற்றுள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, நீரின் கடினத்தன்மை பார்த்தல். நிறங்காட்டி இட்டதும் திராட்சை ரச நிறமாகும் நீர், ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைசல் விழ விழ, ஒரு சொட்டில் நீலமாக மாறும். அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மற்றொன்று, குளோரைடு பார்த்தல். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டவிட, மஞ்சள் நிறக் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயிலில் போனபின் கறுத்துவிடும், ஒரு வாரம் போகாது. மருதாணி ஏன் இப்படிக் கறுத்தது என்று வீட்டில் கேட்டார்கள்.

அந்த மஞ்சள் நிறம் எதனால் வருகிறது? பொட்டாசியம் குரோமேட்டினால். அது குரோமியத்தின் நச்சு வடிவம். இதை நாங்கள் தெரிந்துகொண்ட விதம் வெட்கப்படத்தக்கது. நான்காம் நாள் மாலை, பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், எங்களில் ஒருத்தி ஆறு குடுவைகளில் இருந்ததையும் கைகழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். அக்கா ஓடிவந்தார். அவர் கோபித்து நாங்கள் பார்த்தது அன்று ஒருமுறைதான். "அந்தத் தொட்டி எங்கே போகிறது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். மூலையில் 'கழிவு' என்று எழுதிய கேன் ஒன்று முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. அக்கேள்விக்கு எங்களுக்கு விடை தெரியும். தொட்டி சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை ஆற்றுக்குப் போகிறது. பாலாற்றைக் கெடுத்தவர்கள் யார் என்று கண்டறிய வந்த நாங்கள், ஒரு பேருந்தைப் பிடிப்பதற்காக, எங்கள் பங்கையும் அதில் ஊற்றியிருந்தோம். அளவில் அது மிகச் சிறிதுதான். ஆனால் செய்தபோது எங்கள் மனம் சொல்லிய சமாதானம், "இவ்வளவுதானே" என்பது. பெரிய குழாயின் வாயிலில் நிற்பவருக்கும் அந்தச் சமாதானமே கைகொடுத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இனி, எண்களின் பொருளைச் சொல்ல வேண்டும். குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. குளோரைடுக்கு இந்த எல்லைகள் 250, 1000. கடினத்தன்மைக்கு 200, 600. நாங்கள் சோதித்த பன்னிரண்டு கிணறுகளில் 500-க்குள் அடங்கியது ஒன்றுகூட இல்லை. பாட்டியின் கிணறு 2000 என்னும் எல்லையையும் கடந்து நின்றது. நாங்கள் நம்பாமல் இன்னும் இருமுறை செய்து பார்த்தோம். எண் சிறிதும் இறங்கவில்லை.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? தோல் என்றதும் எல்லோரும் குரோமியத்தையே சொல்கிறார்கள். உப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உரித்த தோல் கெடாமல் இருக்க அதன்மேல் உப்பை அள்ளித் தேய்த்து அனுப்புவார்கள். பதனிடுமுன் அந்த உப்பு முழுவதையும் நீரில் ஊறவைத்துக் கழுவி எடுக்க வேண்டும். பின்னர் சுண்ணாம்பு, அமிலம், மறுபடி உப்பு, அதன்பின்தான் குரோமியம். குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படிவதில்லை. சவ்வூடு பரவல் முறையில் நீரை வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக எடுத்தால்தான் உண்டு. அதற்கு மின்சாரமும் பணமும் மிகுதி. எடுத்த உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வியும் அதன்பின் நிற்கிறது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்டார்கள் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்போதும் தோலுக்கு உப்புப் போட்டார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

தோல் ஆலைகளே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதிவிட்டால் இக்கட்டுரை எளிதாக முடிந்துவிடும். நகரங்களின் சாக்கடைக்கும் ஆற்றில் மணல் அள்ளியதற்கும் இதில் பங்குண்டு. அதற்கும் மேலாக ஒன்று உண்டு. எங்கள் நால்வரில் ஒருத்தியின் தந்தையார் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறார். இன்னொருத்தியின் தாயார் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், பேருந்தில் மற்றவர்கள், "இந்த ஆலைகளை எல்லாம் ஒரே நாளில் மூடிவிட வேண்டும்" என்று பேசிக்கொண்டு வந்தோம். அவ்விருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது ஒருத்தி மட்டும், "மூடினால் நான் பத்தாம் வகுப்பு படிக்கமாட்டேன், அவ்வளவுதான்" என்றாள். நாங்கள் வாயடைத்துப் போனோம். காலை வழிபாட்டில் வரிசையாக நிற்கும்போது கீழே பாருங்கள், தோழியரே. நம் கறுப்புக் காலணிகளில் தோலால் ஆனவையும் உண்டு.

ஆகவே மூடுவதா திறப்பதா என்று வாதாடுவதில் எங்களுக்கு நாட்டமில்லை. நீதிமன்றங்கள் அதைப் பேசிவிட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றி அளித்த தீர்ப்பில், கெடுத்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று கூறியது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதாக அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. திண்டுக்கல் பகுதியில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. அதன்பின் 28 ஆண்டுகள் சென்று, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் அதே வேலூர்ப் பகுதிக்காக மீண்டும் ஒரு தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது; பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுப் பின்னர்க் கெடுத்தவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது எங்கள் அன்னையர் எங்களைவிடச் சிறியவர்களாய் இருந்திருப்பார்கள். ஒரு தலைமுறைக் காலத்தில் ஏராளமான பேர் ஏராளமான கிணறுகளைச் சோதித்திருக்கிறார்கள். அந்தக் காகிதங்கள் எங்கே? எங்கள் கருத்து இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

பாட்டியின் கதைக்கு வருகிறோம். அவருக்கு ஆற்றோரம் இரண்டு ஏக்கர். நெல் விளைந்த நிலம், பின்னர் தென்னை, இப்போது தென்னையின் குருத்தும் மெலிந்துவிட்டது. வாளி போன துயரத்தில் நின்ற எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். வாங்கத் தயங்கினோம். அவர் புரிந்துகொண்டு, "குடி கண்ணு, கேன் தண்ணியிலதான் கரைச்சேன்" என்றார். சொந்தக் கிணறு வைத்திருக்கும் வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர்! புறப்படும்போது கேட்டார்: "எல்லாம் பாத்துட்டு சொல்லுவீங்க இல்ல? நல்ல தண்ணியா, இல்லியான்னு?" சொல்கிறோம் பாட்டி என்றோம்.

நாங்கள் சொல்லவில்லை. பயிற்சி முடிந்தது. முடிவுகள் ஆங்கிலத்தில் அட்டவணையாகத் தட்டச்சு செய்யப்பட்டுத் துறையின் அலமாரிக்குள் போயின. எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இரு வீடுகளில் அதைச் சட்டமிட்டு மாட்டியும்விட்டார்கள். பாட்டிக்கு என்ன கிடைத்தது? ஒரு வாளி. அதுவும் கிணற்றுக்குள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் எங்களுக்கு உறுத்தல் தொடங்கியது. அக்காவிடம் தொலைபேசியில் கேட்டோம். ஆய்வு முடிந்து வெளியாகும்வரை முடிவுகளை வெளியில் பேசுவதில்லை என்பது துறையின் வழக்கம் என்றார். அவருக்கும் அதில் மனம் ஒப்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. அரைகுறைக் கணக்கை ஊரெங்கும் பரப்பினால் வீண் பீதி உண்டாகும் என்பது நியாயந்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு, முடிவை அவருக்குச் சொல்லாமல் கருத்தரங்கில் மட்டும் வாசிக்கும் மருத்துவரை நாம் ஏற்போமா? கிணறு அந்தக் குடும்பத்தின் உடம்பைப் போன்றதுதான். பத்து நாள் கழித்து அக்கா, பேராசிரியரிடம் பேசி இசைவு பெற்றுவிட்டதாகச் சொன்னார்: அவரவர் கிணற்றின் எண்ணை அவரவரிடம் மட்டும் சொல்லலாம்.

அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களோடு வர ஒப்புக்கொண்டார். ஜூலையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் புறப்பட்டோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாள். தமிழில், பெரிய எழுத்தில், எண்ணும் அதற்கு எதிரே எல்லையும், குடிக்க ஆகுமா, துணி துவைக்க ஆகுமா, தென்னைக்கு ஆகுமா என்பதும். 'கரைந்த மொத்த உப்பு' என்று எழுதிவிட்டோம். ஆங்கிலச் சுருக்கம் எதையும் போடவில்லை. இந்தத் தாள்களை எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆயிற்று. மூன்று வாரம் உழைத்து அறிந்ததைச் சொல்ல ஒரு மாலைப்பொழுது யாருக்கும் கிடைக்காமற் போனது எப்படி என்று வியந்தோம்.

எல்லோரும் மகிழ்ந்து வரவேற்றார்கள் என்று எழுதினால் பொய்யாகும். ஒரு வீட்டில் தாளை வாங்கிய பெரியவர், படித்ததும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது வெளியே போச்சுன்னா நெலம் வெல போவாதும்மா. பொண்ணு கல்யாணம் கெடக்குது. யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார். திரும்பி வரும் வழியில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அவர் கிணறு, அவர் கணக்கு, மறைப்பது அவர் உரிமை என்றனர் இருவர். அடுத்த வேலிக்குள் இருப்பதும் அதே ஊற்றுத்தானே, அங்கே உள்ள குழந்தைக்கு உரிமை இல்லையா என்றனர் மற்ற இருவர். அருட்சகோதரி எந்தப் பக்கமும் சேரவில்லை. இன்றுவரை நாங்களும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆயினும் அவர் அஞ்சியதற்குக் காரணம் எங்கள் தாள் அன்று என்பது தெளிவு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது, நின்றால் கேட்பார்களா என்பது அவருக்குத் தெரியவில்லை. நட்டம் மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பாட்டியோ வேறு விதம். எண்ணைப் படித்துச் சொன்னதும் சிரித்தார். "இத்த நீ வந்து சொல்லணுமா கண்ணு? என் நாக்குக்குத் தெரியாதா?" என்றார். எங்களுக்கு முகம் வாடிவிட்டது. உடனே தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்து, "ஆனா நாக்க எடுத்துக்கினு போயி யார்கிட்ட காட்டறது? இது இருந்தா காட்டலாம்" என்றார். கல்லூரி முத்திரை உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். "அது வாங்கியாங்க" என்று எங்களையே திருப்பி அனுப்பினார். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் மருமகள் உள்ளிருந்து, "அத்தே, மெதுவா பேசு" என்றது எங்கள் காதிலும் விழுந்தது.

முத்திரை வாங்கப் பட்ட பாடு ஒரு தனிக் கட்டுரை. ஆகஸ்ட் 12 அன்று கிடைத்தது. ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் பாட்டி அந்தத் தாளைக் காட்டி, தம் தெருவுக்கும் கூட்டுக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று பேசினாராம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள் என்று மருமகளே எங்களிடம் சொன்னார். இம்முறை மெதுவாகப் பேசவில்லை. குழாய் இன்னும் வரவில்லை.

எனவே, ஆய்வு செய்யும் கல்லூரிகளுக்கும் பெரியோர்களுக்கும் நாங்கள் பணிவுடன் கூறுவது இது: நீரெடுக்கக் கிணற்றடிக்கு வந்தவர்கள், முடிவோடும் அதே கிணற்றடிக்கு ஒருமுறை வர வேண்டும், தமிழில் எழுதிய, முத்திரையிட்ட தாளுடன். அதன்பின் கருத்தரங்குக்குப் போகட்டும்.

நம் பள்ளியிலும் இரண்டு காரியங்கள் பாக்கி உள்ளன. மேல்வகுப்பு அக்காமார் செய்முறைத் தேர்வு முடித்து எதை எதையெல்லாம் தொட்டியில் ஊற்றுகிறார்கள் என்று நாங்கள் இப்போது கவனிக்கிறோம். நம் ஆய்வகத்துக்கும் 'கழிவு' என்று எழுதிய கேன் ஒன்று வேண்டும். விடுதிக் கிணற்று நீரையும் சோதித்து, எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். தலைமை அன்னையவர்களிடம் இதைக் கேட்டபோது, "எண் மோசமாக இருந்தால்?" என்றார்கள். எழுதத்தான் வேண்டும் என்றோம். சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, புட்டியை எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டார்கள்.

அது தை மாதக் கடைசியில் என்று முடிவாகியிருக்கிறது. அதே நாளில் பாட்டியின் கிணற்றிலும் மறுபடி எடுக்கிறோம். மழைக்குப்பின் எண் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாளிக்குப் புதுக் கயிறு வாங்கி வைத்திருப்பதாகப் பாட்டி சொல்லியனுப்பியிருக்கிறார்.